மணலில் வானம் தெரிந்தால்

விமானம் ஓட்டுகிறவனுக்கு மரியாதை அவன் எவ்வளவு உயரத்தில் பறக்கிறான் என்பதில் இல்லை, எதில் இறங்குகிறான் என்பதில்தான் இருக்கிறது. நான் மணலில் இறங்குகிறேன்.

நியூசிலாந்தில், ஆக்லாந்துக்குத் தெற்கே ஒரு சின்ன விமான நிலையம். அங்கிருந்து ஆறு பேர் முழங்கால் இடிக்க உட்காரும் விமானத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, வளைகுடாவைத் தாண்டி ஒரு தீவுக்குப் பறப்பேன். நாங்கள் இறங்கும் பக்கத்தில் ஓடுபாதை என்று ஒன்று கிடையாது. கடல் வற்றும்போது இறுகிய மணல் வெளியே வரும். அதுதான் ஓடுபாதை. கடல் திரும்பி வருவதற்குள் ஆட்களை இறக்கி ஏற்றிக் கிளம்பிவிட வேண்டும். கோடையில் இதற்குப் பெயர் சுற்றுலா. குளிர்காலத்தில், வாரத்துக்கொரு புயல் வந்து கடற்கரையைக் கிண்டி இடம் மாற்றிவிட்டுப் போகும் காலத்தில், இதற்குப் பெயர் பிழைப்பு.

என் அப்பாவும் அம்மாவும் ஆக்லாந்தின் பக்குரங்காப் பகுதியில் இருக்கிறார்கள். கோயிலில் யார் விசாரித்தாலும் அப்பா, "மகன் கப்டன். பெரிய பிளேன். சீமெந்தில இறங்கிறது" என்பார். பக்கத்தில் நிற்கும் நான் கையில் இருக்கும் பொங்கலில் முந்திரிப்பருப்பைத் தேடுவேன். வீட்டில் என்னிடம் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்ப தம்பி சீமெந்துக்கு மாறப்போறாய்?" பெரிய கம்பனிகளுக்கு நானும் எழுதிப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்களும் கைகுலுக்கிச் சிரித்து வழியனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தீவிலிருந்து திரும்பி வரும்போது தினமும் தார்ப்பாதையில்தான் இறங்குகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அப்பா அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் குரல் தானாகத் தாழ்ந்துபோகிற வாசகர்களே, உங்களை நம்பித்தான் மிச்சத்தையும் சொல்கிறேன்.

பொறுமை இல்லாத கடல்

எங்களோடு டைலர் என்று ஒரு கனடாக்காரன் ஒரு குளிர்காலம் வேலை செய்தான். அவன் ஊரில் ஏரி உறைந்ததும் பனியைத் தள்ளி ஒதுக்கி, ஓரங்களில் கொடி நட்டு, அதில் விமானம் இறக்குவார்களாம். பனிக்கட்டியில் துளை போட்டுத் தடிப்பை அளந்துவிட்டால் போதுமாம், பயமே இல்லையாம். நீங்கள் மணலை எப்படி அளப்பீர்கள் என்று கேட்டான். நாங்கள் அளப்பதில்லை, பார்ப்போம் என்றேன். முதலில் இறங்காமல் தாழப் பறந்து ஒருமுறை பார்ப்போம். மணல் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தால் இறுகிக் கிடக்கிறது என்று பொருள். பளபளத்து, அதில் மேகம் தெரிந்தால் மேலே தண்ணீர், கீழே சேறு. மணலில் வானம் தெரிந்தால் இறங்கக் கூடாது. எங்கள் தொழிலின் மொத்தப் படிப்பும் இந்த ஒரு வரிதான்.

இதை நான் கொஞ்சம் பெருமையாகவே சொல்லி முடித்தேன். சொன்ன இடம் கடற்கரை. சொல்லிக்கொண்டு நின்ற நேரத்தில் அலை வந்து, நான் கழற்றி வைத்திருந்த சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஒற்றைச் சப்பாத்து மட்டும் திரும்பிக் கிடைத்தது. அன்றைக்குப் பயணிகளுக்கு முன்னால் ஈரக் காலுறையோடு விமானம் ஏறினேன். டைலர் பின்னால் வந்துகொண்டே சொன்னான்: "எங்கள் ஏரி உறைந்தால் வசந்தம் வரைக்கும் காத்திருக்கும். உங்கள் கடலுக்கு நீ ஒரு கதை சொல்லி முடிக்கும்வரைகூடப் பொறுமை இல்லையே."

வாளி

கடற்கரையில் இறங்கிய விமானத்தை உப்பு தின்றுவிடும். அதனால் திரும்பி வந்ததும் வயிறு, உருளும் சில்லு, இறக்கையின் அடிப்பக்கம் எல்லாம் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். பெரிய கம்பனியில் இதற்கென்று ஆட்கள் இருப்பார்கள். எங்கள் கம்பனியில் இதற்கென்று இருக்கும் ஆள் நான்.

ஒருநாள் பென்ரோஸிலிருந்து உதிரிப்பாகம் கொண்டு வந்த லொறியை ஓட்டி வந்தவர் நம்மவர். நான் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, வாளியும் துடைப்பமுமாக விமானத்துக்கு அடியில் படுத்திருந்தேன். என் நிறத்தைப் பார்த்ததும் அவருக்குப் பெரிய சந்தோஷம். "தம்பி, தமிழே? பைலட் எங்க போயிட்டார்? சாமானுக்கு அவரின்ர கையெழுத்து வேணும்" என்றார். நான் வெளியே ஊர்ந்து வந்து, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அவர் கையெழுத்தைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், என் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு மிகுந்த அக்கறையோடு கேட்டார்: "அப்ப தம்பிக்குச் சம்பளம் ரெண்டோ, ஒண்டோ?"

தராசு

சின்ன விமானத்தில் ஏறுகிற ஒவ்வொருவரையும் நிறுக்க வேண்டும். யார் எங்கே உட்காருவது என்பது எடையைப் பொறுத்தது. வெள்ளைக்காரர்களை நிறுக்க எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. நம்மவர்கள் வந்தால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அம்மா வயதுப் பெண்ணிடம் எப்படிக் கேட்பது?

ஆக்லாந்தின் எப்சம் பகுதியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மனைவியின் தாயார். அந்த அம்மா தராசைக் கண்டதும் நின்றுவிட்டார். மாப்பிள்ளைக்கு முன்னால் ஏற மாட்டேன் என்று மகளின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. நியாயமான கூச்சம். நான் பெரிய மனிதனைப் போல ஓர் ஏற்பாடு செய்தேன். "எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பி நில்லுங்கள்" என்றேன். மாப்பிள்ளை திரும்பினார். மகள் திரும்பினாள். அதே விமானத்துக்குக் காத்திருந்த, மரியாதை தெரிந்த இரண்டு மீன்பிடிகாரர்கள், விஷயம் புரியாமலே, தொப்பியைக் கழற்றிக்கொண்டு திரும்பினார்கள். அம்மா நிம்மதியாக ஏறி நின்றார்.

எங்கள் தராசு சாமான் நிறுக்கும் தராசு. எடை அதன் மேடையில் தெரியாது. தூரத்தில் நிற்பவர்களும் வாசிக்கட்டும் என்று எதிர்ச் சுவரில் பெரிய சிவப்பு எழுத்தில் எரியும். தினமும் பார்க்கிற எனக்கு அது அந்த ஒரு நிமிடம் மறந்துபோனது. எல்லோரும் அண்ணாந்து வாசித்தார்கள். "கைப்பையும் சேர்த்துத்தான்மா" என்று மகள் சமாளித்துப் பார்த்தாள். மீன்பிடிகாரர் ஒருவர் இருமினார். அந்த அம்மா தீவில் இறங்கும்போது என் கையைப் பிடிக்காமல் தானே இறங்கிவிட்டுச் சொன்னார்: "தமிழ்ப் பையன்னு உங்களை நம்பித்தானே தம்பி ஏறினேன்."

குங்குமம்

கம்பனி புதிதாக ஒரு பழைய விமானம் வாங்கியது. இதை அம்மாவிடம் சொன்னது என் தவறு. அடுத்த நாள் பின்னேரம் வாகனப் பூசைக்குத் தேசிக்காயும் கற்பூரமும் குங்குமமுமாக வந்து இறங்கிவிட்டார். காரை ஓட்டி வந்தது அப்பாதான். ஆனால் அவர் காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு இது வழக்கம்தான். குடும்பமாகக் கடற்கரைக்குப் போனாலும் காரைவிட்டு இறங்க மாட்டார், மணல் செருப்புக்குள் போகும் என்பார். ஆனால் இங்கே மணல் இல்லை, என் விமானம்தான் நின்றது. அதைப் பார்க்க அவருக்கு வெட்கம் என்று எனக்குப் பட்டது.

அம்மா அதையெல்லாம் பார்க்கவில்லை. சில்லுக்கு அடியில் தேசிக்காயை வைத்து விமானத்தை உருட்டச் சொன்னார். உருட்டினேன். குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து மூக்கில் ஒரு பொட்டு, இரண்டு சில்லுக்கும் மேலே பெரிய பொட்டு வைத்தார். "வாகனம் எண்டால் வாகனம்தான்" என்றார். இரவு மழை பெய்தது.

விமானத்தின் பிரேக் எண்ணெயும் சிவப்புத்தான் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். காலையில் நான் போனபோது எங்கள் மெக்கானிக் கிரேக் இரண்டு சில்லையும் கழற்றி, பிரேக்கைப் பிரித்து, பாகம் பாகமாகத் துணியில் பரப்பி வைத்திருந்தார். பயணிகள் எல்லோரையும் திருப்பி அனுப்பியாகிவிட்டது. சில்லுக்குக் கீழே சிவப்பாய் வழிந்திருக்கிறது, எங்கே ஒழுகுகிறது என்றுதான் தெரியவில்லை என்று தலையைச் சொறிந்தார். நசுங்கிய தேசிக்காய் ஒன்று அவர் காலடியில் கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கள் சமயத்தின் வாகனப் பூசையை ஆதியோடந்தமாக அவருக்கு விளக்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக இங்கிலிஷ் பேசியதில்லை. கிரேக் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம். பாகங்களைத் திரும்பப் பூட்டத் தொடங்கியபடி சொன்னார்: "அடுத்த முறை உங்கள் கடவுளுக்கு நீலம் பிடிக்குமா என்று அம்மாவைக் கேட்கச் சொல்."

கல்யாணப் படம்

சென்னையிலிருந்து வந்து இங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பையனும் பெண்ணும், கல்யாணத்துக்கு முன்பு படம் எடுக்க வேண்டும் என்று கடற்கரைக்கு வந்தார்கள். பெண் பட்டுச்சேலை, மாப்பிள்ளை பட்டுவேட்டி, அவர்களோடு ஒரு படக்காரர். இறங்கும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பக் கிளம்பும் நேரத்தில்தான் ஒருபக்கச் சில்லு மணலில் புதைந்திருந்தது. கடல் அந்தப் பக்கத்திலிருந்து வரத் தொடங்கிவிட்டது.

எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லோரும் தள்ள வேண்டியதுதான். "என்ன சார், பஸ் மாதிரியா?" என்று மாப்பிள்ளை கேட்டார். பஸ் மாதிரியேதான் என்றேன். பெண் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தள்ளினாள். சில்லு வெளியே வந்தது. அலை கணுக்காலைத் தொட்டதும் எல்லோரும் ஏறி, மேலே எழும்பிவிட்டோம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் நினைத்தேன். படக்காரர் தள்ளாமல் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை நான் யோசிக்கவில்லை.

படம் உண்மையிலேயே அழகாக வந்திருந்தது. பொன்னிறக் கடல், பட்டுடுத்த மணமக்கள். அவர்களுக்கு நடுவில் காற்சட்டையை மடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, வாயைப் பிளந்து கத்தியபடி விமானத்துக்குத் தோள்கொடுக்கும் நான். அது எப்படியோ சுற்றிச் சுற்றிக் கோயில் வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்ந்தது. அந்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கையில், அப்பாவின் சிநேகிதர் ராசநாயகம் மாமா போனை உயர்த்திக் காட்டி, பந்திக்கே கேட்கும்படி கேட்டார்: "அண்ணை, உங்கட கப்டன் மகன் பிளேனை ஓட்டுறவரோ, தள்ளுறவரோ?"

ரோல்ஸ்

அப்பா சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தார். அவர் தலை குனிந்ததை நான் பார்த்தேன். நூறு பேருக்கு முன்னால் எனக்கு வந்த வெட்கத்தைவிட அதுதான் என்னைச் சுட்டது. ராசநாயகம் மாமாவோ விடுகிற ஆளில்லை. பகிடிக்குத் தொடங்கியது பயணத்தில் முடிந்தது: அவரும் இன்னும் இரண்டு சிநேகிதரும் என் விமானத்தில் தீவுக்கு வருகிறார்கள், அண்ணையும் கட்டாயம் வர வேண்டும். அத்தனை பேருக்கு முன்னால் அப்பாவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. அப்பா பார்த்திருக்க, ஒருமுறை அழகாக மணலில் இறக்கிவிட வேண்டும். வாளி, தராசு, குங்குமம், படம் எல்லாம் அந்த ஓர் இறக்கத்தில் கழுவப்பட்டுப் போய்விடும் என்று நம்பினேன். அப்பாவை முன்னால் என் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவர் கோயிலுக்குப் போகிற சப்பாத்தைப் பொலிஷ் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மாமாக்கள் பின்னால். அவர்கள் மடியில் அம்மா பொரித்துக் கட்டிக்கொடுத்த ரோல்ஸ்.

தீவு தெரிந்தது. கடற்கரை விரிந்து கிடந்தது. பின்னால் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். தாழப் பறந்து பார்த்தேன். முன்பாதி மணல் நல்ல சாம்பல் நிறம். நடுவில், மழையில் பெருகிய ஓடை ஒன்று பாதை மாறி மணலைக் குறுக்கே அறுத்துப் பரவியிருந்தது. அந்த இடத்தில் ஒரு மேகம் தெளிவாகத் தெரிந்தது. சுற்றிவந்து இன்னொருமுறை பார்த்தேன். முன்பாதிக்குள்ளேயே நிறுத்திவிடலாமா என்று கை ஆசைப்பட்டது, மறைக்கவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கீழே பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எஞ்சினை முடுக்கி மேலே ஏற்றித் திருப்பினேன்.

"கரை கண்ணுக்கு முன்னால கிடக்குது, தம்பி. இறக்கினால் முடிஞ்சுது!" என்றார் ராசநாயகம் மாமா. எல்லோருடைய காதிலும் ஹெட்செட் மாட்டியிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "இண்டைக்கு ஏலாது மாமா" என்றேன். ஊருக்குத் திரும்பித் தார்ப்பாதையில் இறக்கினேன். அப்பா ஆசைப்பட்டபடி நான் கெட்டி நிலத்தில் இறங்குவதை அப்பா பார்த்தாயிற்று. இப்படியா பார்க்க வேண்டும்!

தீவில் சாப்பிட வேண்டிய ரோல்ஸைக் கார் நிறுத்துமிடத்தில், திறந்த டிக்கிக்கு முன்னால் நின்று சாப்பிட்டோம். ராசநாயகம் மாமா வாய் நிறைய வைத்துக்கொண்டு, "பயந்த கப்டன்" என்று சிரித்தார். மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். அப்பா கையிலிருந்த ரோல்ஸை வைத்துவிட்டுக் கதைக்கத் தொடங்கினார்.

நாங்கள் சண்டை நாட்களில் மன்னாரிலிருந்து வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனவர்கள் என்பது எனக்குத் தெரியும். நான் அப்போது கைக்குழந்தை. வீட்டில் அதற்கு மேல் ஒருவரும் சொன்னதில்லை. வள்ளக்காரன் பாதியில், இதுதான் கரை, இறங்கி நடவுங்கோ என்று எல்லோரையும் மணலில் இறக்கிவிட்டுப் போனானாம். விடிந்து பார்த்தால் அது கரையில்லை, நடுக்கடலில் ஒரு மணல்திட்டு. கடல் ஏறத் தொடங்கியதாம். காலுக்குக் கீழே மணல் கரையக் கரைய, அப்பா என்னைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாராம். மீன்பிடிக்க வந்தவர்கள் கண்டு ஏற்றியிருக்காவிட்டால் இந்தக் கதையைச் சொல்ல நான் இல்லை.

கடற்கரையில் காரைவிட்டு இறங்காததும், சீமெந்து சீமெந்து என்று என்னை அரித்ததும் எதனால் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா என் வேலைக்கு வெட்கப்பட்டதே இல்லை. அவர் பயந்துகொண்டிருந்திருக்கிறார். அதை வெட்கம் என்று நினைத்ததற்காகத்தான் இப்போது உண்மையாகவே எனக்கு வெட்கமாக இருந்தது. ராசநாயகம் மாமாவின் கையில் ரோல்ஸ் பாதியில் நின்றது. அப்பா அவரைப் பார்த்து, சத்தம் உயர்த்தாமல் சொன்னார்: "கரை கண்ணுக்கு முன்னால கிடக்குது எண்டுதான் ராசநாயகம், அந்த வள்ளக்காரனும் சொன்னவன். நான் நம்பி ஏறினவங்களில, இறக்காமல் திருப்பிக் கொண்டுவந்து விட்டவன் இவன் ஒருத்தன்தான்."

இப்போதெல்லாம் அப்பா பெரிய பிளேன் என்ற பேச்சையே எடுப்பதில்லை, கோயிலில் புதிதாக யாரைக் கண்டாலும் "இவன்தான் எங்களைத் தீவில இறக்காமல் திருப்பிக் கொண்டுவந்த கப்டன்" என்று என் தோளில் தட்டி அறிமுகம் செய்கிறார், இறக்கத் தெரியாத பைலட்டைப் பார்ப்பதுபோல அவர்கள் என்னைப் பார்க்கிற பார்வைக்கு முந்திய பொய்யே பரவாயில்லை போலிருக்கிறது.